பனிமலையில் இருவருக்கு ஓர் இரவு

டென்வர் நகரில் வாழும் முன்னாள் மாணவர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு மடல் எழுதியிருந்தார். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, கவனிக்காதது போலவே எல்லாவற்றையும் கவனித்தவர். இன்று கணினித் துறையில் நல்ல நிலையில் இருக்கிறார். பத்தாவது மணநாளை முன்னிட்டு மனைவியுடன் மூன்று நாள் மலைக்காட்டுப் பனிச்சறுக்குக்குப் போகப்போவதாகவும், தங்குமிடத்தைத் தேர்வதில்தான் குழப்பம் என்றும் எழுதியிருந்தார். மூன்று இடங்களைக் குறிப்பிட்டிருந்தார். ஒன்று, சாலை முடியும் இடத்திலிருந்து ஏழு மைல் உள்ளே, இருவருக்கு மட்டுமேயான தனிக்குடில். வெந்நீர்த் தொட்டியும் உண்டாம். இரண்டாவது, பதினாறு பேர் சேர்ந்து தங்கும் பொதுக்குடில். மூன்றாவது, சாலையோரத்திலேயே இருக்கும் ஒரு பழைய விடுதி. "ஐயா, நீங்களும் அம்மாவும் இங்கு வந்தபோது குடிலில் தங்கியிருக்கிறீர்கள். எது சௌகரியமாக இருக்கும் என்று சொல்லுங்கள். எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது" என்று முடித்திருந்தார்.

தமிழாசிரியரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பனிச்சறுக்குப் பலகையில் ஒருமுறையும் ஏறி நின்றதில்லை நாம். ஆனால் ஓரிரவு அம்மலையில் பட்ட பாடு நினைவில் இருக்கிறது. அதன் பிறகு ஆர்வத்தால் படித்தறிந்தவையும் சில உண்டு. யோசிக்க யோசிக்க, இது சறுக்குவதைப் பற்றிய கேள்வியே இல்லை, இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆபத்தான இடத்துக்குப் போகும்போது சௌகரியம் என்று எதைக் கொள்வது என்பதைப் பற்றிய கேள்வி என்று தோன்றியது. மாணவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே வைக்கிறோம்.

முதலில் பேக்கன்ட்ரி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். திரைப்படங்களில் நாம் காணும் பனிச்சறுக்கு பெரும்பாலும் சறுக்குத்தலங்களில் நடப்பது. அங்கே கம்பியில் தொங்கும் இருக்கை மேலே கொண்டுபோய் விடும். இறங்கும் பாதையை இயந்திரம் சீராக்கி வைத்திருக்கும். பனி சரியக்கூடிய சரிவுகளை வெடிவைத்து முன்கூட்டியே சரியச்செய்து விடுவார்கள். விழுந்தால் தூக்கக் காவலர் இருப்பர். பேக்கன்ட்ரியில் இவை எதுவும் கிடையாது. பலகையின் அடியில் ஒருபக்கமாக மயிர் படிந்த பட்டையை ஒட்டிக்கொண்டு, அது பின்னோக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்ள, மனிதன் தன் மூச்சைக் கொண்டே மலையேற வேண்டும். மேலே போய்ப் பட்டையை உரித்து மடித்துவைத்துவிட்டு இறங்க வேண்டும். அந்தத் தனிமையும், யார் தடமும் படாத வெண்மையும்தான் அதன் கவர்ச்சி. ஆபத்தும் அவற்றில்தான் இருக்கிறது.

நிற்க. சௌகரியம் என்ற சொல்லைச் சற்று நோக்குவோம். வடமொழியில் அதன் வேர்ப்பொருள் எளிதாகச் செய்யத்தக்க தன்மை என்பது. மெத்தையும் வெந்நீரும் அதில் பின்னால் வந்து ஏறிக்கொண்டவை. வசதி என்ற சொல்லோ உறைவிடம் என்ற பொருளில் தொடங்கியது. இன்று உறைவிடத்தை விட்டுவிட்டு அதில் உள்ள பொருள்களை மட்டும் குறிக்கிறது. தங்குமிடம் தேடும்போது நாமும் இதையே செய்கிறோம். படத்தில் தெரியும் கட்டிலையும் கணப்படுப்பையும் பார்க்கிறோம். அங்கே போய்ச் சேர்வது எவ்வளவு எளிது, அங்கிருந்து திரும்புவது எவ்வளவு எளிது என்பதைப் பார்ப்பதில்லை. படத்தில் பாதை தெரிவதில்லை அல்லவா?

மாணவர் குறிப்பிட்ட பொதுக்குடில், கொலராடோவின் பத்தாம் மலைப்படைப் பிரிவுக் குடில்கள் சங்கத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது. இந்தக் குடில்களின் வரலாறு இலக்கிய நேயர்களும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப்போரின்போது, பனிமலையில் போரிட வல்ல படையொன்றைப் பயிற்றுவிக்க, 1942இல் ஏறத்தாழ 9,200 அடி உயரத்துப் பள்ளத்தாக்கில் கேம்ப் ஹேல் என்ற முகாமை அமெரிக்க இராணுவம் அமைத்தது. அங்கே பயின்ற படைப்பிரிவு 1945இன் தொடக்கத்தில் இத்தாலியில் ரிவா முகட்டையும் பெல்வதேர் மலையையும் கைப்பற்றியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் பலர் அமெரிக்கப் பனிச்சறுக்குத் தலங்களைக் கட்டி எழுப்பினர். அவர்களுள் ஒருவரான கட்டடக்கலைஞர் ஃபிரிட்ஸ் பெனடிக்ட், மலைக்காட்டில் ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்குச் சறுக்கிச் செல்லும் ஐரோப்பிய வழக்கத்தைக் கொலராடோவுக்குக் கொண்டுவர விரும்பி, 1980இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பழைய முகாம் நிலம் 2022 அக்டோபரில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

1982இல் கட்டப்பட்ட முதலிரண்டு குடில்களின் பெயர்கள் மார்ஜி குடில், மக்னமாரா குடில். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராகவும் பின்னர் உலக வங்கித் தலைவராகவும் இருந்த அதே ராபர்ட் மக்னமாராதான். மார்ஜி அவருடைய மனைவி. ஏழைச் சிறாருக்கு நூல்களை இலவசமாக வழங்கும் ஓர் இயக்கத்தை 1966இல் தொடங்கியவர். 1981 ஜனவரியில் அந்நாட்டின் உயரிய குடிமை விருதைப் பெற்று, அடுத்த மாதமே மறைந்தார். மலைக்காடுகளில் சேர்ந்து திரிந்த துணைவியின் நினைவாக அவ்விரு குடில்களும் எழ மக்னமாரா உதவினார். மார்ஜி குடில் 11,000 அடிக்கும் மேலே. கணவர் பெயர் தாங்கியது அதனினும் தாழ்வில், 10,000 அடியைச் சற்றே கடந்து. மக்னமாராவின் அரசியலைப் பற்றி நமக்கு நல்ல எண்ணம் இல்லை. ஆயினும் இந்தச் செயலில் ஒன்று கவனிக்கத்தக்கது. மனைவியின் நினைவுக்கு அவர் கட்டத் துணைநின்றது இருவர் மட்டும் தங்கும் தனிமாளிகை அன்று. முன்பின் அறியாதவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி அமரும் பொதுக்கூரை. நம் கருத்தும் அந்தப் பக்கமே சாய்கிறது. காரணங்களைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பருவத்தேர்வுகள் முடிந்த ஒரு டிசம்பரில், ஈட்டிய விடுப்பைச் சேர்த்து எடுத்துக்கொண்டு துணைவியாரின் தமையனார் இல்லத்துக்கு டென்வர் போயிருந்தோம். அப்போது இம்மாணவர்தான் குடில் ஒன்றில் இடம் பிடித்து நம்மையும் அழைத்துச் சென்றார். மாணவரும் அவர் மனைவியும் சறுக்குப் பலகைகளில். நாமும் துணைவியாரும் காலில் ஸ்னோஷூ என்ற அகன்ற பனிமிதியடி கட்டிக்கொண்டு. ஆறு மைல். சமவெளியில் ஆறு மைல் என்பது மாலை நடை. பனியில், ஏற்றத்தில், முதுகில் உறக்கப்பையும் மூன்று வேளை உணவும் சுமந்து, காற்று மெலிந்த உயரத்தில் அது ஒரு முழுப்பகல். நாம் வீட்டில் காபி குடித்துக் கதை பேசிப் புறப்பட்டதில் இரண்டு மணிநேரம் தாமதம். மூன்றாவது மைலில் பனி பொழியத் தொடங்கியது. மரங்களில் அறைந்திருந்த நீலநிற வழிக்குறிகள் ஒவ்வொன்றையும் தேடித்தேடி நடக்க வேண்டியதாயிற்று.

அந்த இடத்தில் துணைவியார் நின்றார். "தலை வலிக்கிறது. திரும்பிவிடலாமே" என்றார். நாம் என்ன சொன்னோம் என்பதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "பாதி வந்தாயிற்று, பணமும் கட்டியாயிற்று, இன்னும் கொஞ்சம்தான்" என்றோம். இன்னும் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. இருட்டிய பின்பு, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், புகைமணம் வந்த திசையைப் பிடித்துக் குடிலை அடைந்தோம். மாணவரின் மனைவி முன்னே போய்த் திரும்பி வந்து, அம்மாவின் முதுகுப்பையை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டதனால்தான் அதுவும் இயன்றது.

உள்ளே ஒன்பது பேர் இருந்தனர். எவரையும் நமக்குத் தெரியாது. கதவு திறந்ததும் முதியவர் ஒருவர் எழுந்து அடுப்பருகே தம் இருக்கையைக் காட்டினார். இளம்பெண் ஒருத்தி துணைவியாரின் ஈரக் காலுறையைக் கழற்றச்சொல்லிக் கம்பியில் உலர்த்தினாள். பெரிய பாத்திரத்தில் பனியை அள்ளிப்போட்டு உருக்கிக் கொதிக்கவைத்த நீர் தயாராக இருந்தது. அங்கே குழாய் கிடையாது. குடிநீர், சமையல்நீர் எல்லாம் அப்படி உருக்கியவையே. கழிப்பறை வெளியே. விளக்குகள் சூரிய ஒளி மின்சாரத்தில் எரிபவை. மாடியில் வரிசையாக மெத்தைப் பலகைகள். எவரோ இரவு முழுக்கக் குறட்டை விட்டார். நட்சத்திர விடுதியின் கணக்கில் பார்த்தால் அந்த இடத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் தேறாது. ஆனால் நம் வாழ்நாளில் அதைவிடச் சௌகரியமான அறைக்குள் நுழைந்த நினைவு இல்லை.

அந்த இரவு கற்பித்த முதல் பாடம், பாதையும் தங்குமிடத்தின் ஒரு பகுதி என்பது. ஏழு மைலுக்கு அப்பால் இருக்கும் வெந்நீர்த் தொட்டி, ஏழு மைலையும் கடப்பவருக்கே வெந்நீர் தரும். 2018 ஏப்ரல் 29 அன்று சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் சேர்மாட் வரை குடில் குடிலாகச் சறுக்கிச் செல்லும் புகழ்பெற்ற வழி ஒன்று உண்டு. அவ்வழியில் டிக்ஸ் குடிலிலிருந்து புறப்பட்டவர்கள் வின்யெட் குடிலின் அருகே புயலில் சிக்கினர். பதினான்கு பேர் இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தனர். எழுவர் மாண்டனர். வழிகாட்டியும் அவருடன் வந்த அவர் மனைவியும் அந்த எழுவருள் அடக்கம். அவர்கள் கிடந்த இடத்துக்கும் குடிலுக்கும் இடையே இருந்தது அரைக் கிலோமீட்டர் அளவே. சுமார் 3,160 மீட்டர் உயரத்தில், பணியாளர் உணவு சமைத்துப் பரிமாறும் நல்ல குடில் அது. 

இரண்டாவது பாடம் எண்ணிக்கையைப் பற்றியது. பனிச்சரிவு எனும் இயற்கைச் செயலைச் சற்று விளக்க வேண்டும். பனி ஒரே நாளில் ஒரே திண்மையாக விழுவதில்லை, அடுக்கடுக்காகப் படிகிறது. கொலராடோவில் பருவத்தின் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் நெடுநாள் கிடந்து, சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. அதன்மேல் பின்னர் கனத்த பனி விழுந்து பலகைபோல் இறுகுகிறது. சர்க்கரைமேல் வைத்த பலகை என்று கொள்ளுங்கள். 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் மனித எடை ஏறியதும் அடியடுக்கு உடைந்து, பலகை முழுதும் ஒரேயடியாகச் சரிகிறது. உயிர் கொள்ளும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டிவிடுவது அதில் சிக்கியவரோ அவர் கூட்டத்தாரோதான். புதையுண்டவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் வாய்ப்பு செங்குத்தாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்கு மணிக்கணக்காகும். எனவே மீட்பர் என்போர் உடன் வந்தவர்களே.

இப்போது இருவர் மட்டும் போகும் பயணத்தை எண்ணுங்கள். ஒருவர் புதைந்தால் மற்றவர் ஒருவரே. அவரே அலைவாங்கியால் தேட வேண்டும், நீள்கோலால் குத்திப் பார்க்க வேண்டும், காங்கிரீட்டாய் இறுகிய பனியைத் தனியாளாய்த் தோண்ட வேண்டும். அதுவும் தாம் நேசிக்கும் மனிதர் உள்ளே கிடக்க, நடுங்கும் கைகளால். பனித்தல் என்ற வினைக்குத் தமிழில் நடுங்குதல் என்றும் ஒரு பொருள் உண்டு. இருவர் தனித்திருக்க விரும்புவதை நாம் குறைகூறவில்லை. தனிமையின் விலை எது என்பதை விடுதியின் விளம்பரம் சொல்லாது, நாம்தான் கணக்கிட வேண்டும் என்கிறோம். பொதுக்குடிலில் மற்றவர்கள் இருக்கிறார்கள். காலையில் எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். நேற்று எந்தச் சரிவில் பனி விரிசலிட்டது, எங்கே காலடியில் உறுமல் கேட்டது என்று அவர்கள் சொல்வார்கள். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் தேடி வர ஆள் இருக்கும்.

அகத்திணை பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் கண்டோர் நினைவுக்கு வருவர். தலைவனும் தலைவியும் உடன்போக்கில் செல்கையில் வழியில் எதிர்ப்படுவோர் அவர்கள். பொழுதும் வழியும் அஞ்சத்தக்கன என்று எடுத்துக்காட்டுவதும், தம் ஊர் அண்மையில் உள்ளது, நீங்கள் செல்லும் இடமோ தொலைவு என்று அன்போடு சொல்வதும் கண்டோர் கூற்று எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. காதலர் இருவரின் கதையில் முன்பின் அறியாத மூன்றாமவருக்கு ஏன் இடம் தர வேண்டும்? மாணவராக இருந்தபோது இது நமக்கு விளங்கியதில்லை. நேரத்தையும் தூரத்தையும் தங்குமிடத்தையும் பற்றி அவர்கள் பேசுவது, காதல் மயக்கத்தில் இருக்கும் இருவருக்கும் அக்கணக்குப் புலப்படாது என்பதனால்தான் போலும். பனித்திணை என ஒன்று நம் மரபில் இல்லை. இருந்திருந்தால் அதிலும் கண்டோர் இருந்திருப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை. கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் ஐந்து நிலை எச்சரிக்கையும் ஒரு வகையில் கண்டோர் கூற்றுத்தான். கேட்பதும் கேளாததும் தலைவனின் பாடு.

மூன்றாவது காரணம் பணத்தைப் பற்றியது. மேற்சொன்ன குடில்களில் இடம் கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே குலுக்கல்முறையில் நாள்களை ஒதுக்குகிறார்கள். பனி ஆபத்தாக இருக்கிறது என்பதற்காகக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. எனவே பனியின் நிலையை எவரும் அறியாத காலத்திலேயே, இன்ன நாளில் இன்ன பாதையில் நடப்போம் என்று முடிவாகிவிடுகிறது. இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நிகழ்ந்த பனிச்சரிவு விபத்துகள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். போதிய பயிற்சி பெற்றவர்களும் கண்ணெதிரே அறிகுறிகள் இருந்தும் ஏன் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. பழகிய இடம் என்ற துணிவு, ஒருமுறை எடுத்த முடிவை விடமாட்டாத மனம், பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, வாய்ப்பு அரிது என்ற பதற்றம் முதலிய மனக்கண்ணிகளை அவர் பட்டியலிட்டார். மூன்றாவது மைலில் நாம் சொன்ன மூன்று வாக்கியங்களையும் அப்பட்டியலில் பின்னர் படித்தபோது முகம் சுருங்கிப் போயிற்று. அதில் சரிவு விபத்து ஒன்றும் நேராதது நம் அறிவினால் அன்று. அந்தப் பாதை சமமான காட்டுப்பாதையாக இருந்ததனால்தான்.

ஆகவே, கைவிட முடியாத முன்பதிவு சௌகரியமான முன்பதிவு ஆகாது. மணநாள், பத்தாண்டு, வெந்நீர்த் தொட்டி, ஏழு மைல், பெருந்தொகை ஆகிய இத்தனையும் ஒரே நாளில் குவிந்தால், அன்று காலை எச்சரிக்கை நான்காம் நிலையில் இருந்தாலும் "வேண்டாம்" என்ற சொல் எவர் வாயிலிருந்து வரும்?

மறுப்பாகச் சிலர் கேட்கக்கூடும்: கணவனும் மனைவியும் தனித்திருக்கப் போகிறார்கள், ஒன்பது பேரின் குறட்டைக்கு நடுவே என்ன மணநாள்? நியாயமான கேள்விதான். இதற்குச் சமாதானமான வழிகள் உண்டு. பொதுக்குடில்கள் பலவற்றில் இருவர் படுக்கும் சிறு தனியறை ஒன்றிரண்டு இருக்கும். முன்னமே கேட்டுப் பெற வேண்டும். வெய்ல் கணவாய்க்கு அருகே ஷ்ரைன் மலையில் உள்ள குடில்களுக்குச் சாலையிலிருந்து மூன்று மைலுக்கும் குறைவே, பாதை அகலமானது, வெந்நீர்க் குளியலும் நீராவி அறையும் அங்கு உண்டு. பனி உந்துகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவே. நார்வேயின் மலையேற்றச் சங்கம் 1868 முதல் இயங்குகிறது. நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடில்களை வைத்திருக்கிறது. சிலவற்றில் பணியாளர் சமைத்துத் தருவர். சிலவற்றில் உணவுப்பொருள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், எடுத்துக்கொண்டதற்குத் தாமே கணக்கெழுதிப் பணம் செலுத்த வேண்டும். மற்றவற்றில் படுக்கையும் அடுப்பும் விறகும் மட்டுமே. மூன்றில் எது தம் வலுவுக்கு ஏற்றது என்று பயணிகள் தேர்ந்துகொள்கிறார்கள். இந்தத் தரப்பிரிப்பில் ஓர் நேர்மை இருக்கிறது. எங்கே எதைச் சுமக்க வேண்டும் என்பது புறப்படுமுன்பே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. மாணவர் மூன்றாவதாக, ஏதோ பட்டியலை நிரப்பக் குறித்தது போல் குறித்திருந்த சாலையோர விடுதிதான் அது. அங்கே தங்கிக்கொண்டு, ஒவ்வொரு காலையிலும் எச்சரிக்கையைப் படித்துவிட்டு, நல்ல நாளில் மலைக்குப் போகலாம். கெட்ட நாளில் சன்னலருகே அமர்ந்து புத்தகம் படிக்கலாம். எந்த நாளும் வீணாவதில்லை. பனி எப்படியிருக்கிறது என்று தெரியாமல் எடுத்த முடிவும் இல்லை. பேக்கன்ட்ரியில் முதலடி வைக்கும் இணையருக்கு இதைவிட நல்ல தங்குமிடம் இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

எந்த இடமாயினும், கட்டிலைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில. ஈரத்தை உலர்த்த அடுப்புக்கு மேல் கம்பியும் இடமும் உண்டா? ஈரமான கையுறையோடு இரண்டாம் நாளைத் தொடங்குபவருக்கு எந்த மெத்தையும் உதவாது. நீர் எங்கிருந்து வருகிறது? பனியை உருக்குவதானால் அதற்கே நாளில் சில மணிநேரம் ஒதுக்க வேண்டும். கழிப்பறை எவ்வளவு தூரம்? நள்ளிரவில் உறைகுளிரில் வெளியே போவது ஒருவருக்கு வேடிக்கை, மற்றவருக்கு இரவு முழுதும் நீர் அருந்தாமல் கிடப்பதற்குக் காரணம். உயரம் எவ்வளவு? எட்டாயிரம் அடிக்கு மேல் தலைவலியும் உறக்கமின்மையும் பலருக்கு வரும். சமவெளியிலிருந்து வருபவர் ஓரிரு இரவுகள் இடைப்பட்ட உயரத்தில் தங்கிப் பழகிவிட்டு ஏறுவது நல்லது. டென்வரே 5,280 அடி என்றாலும் குடில் அதன் இருமடங்கில் இருக்கிறது. பாதை சரிவுகளின் கீழே போகிறதா, அடர்ந்த மரங்களுக்கிடையே போகிறதா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு தலையணையைப் பற்றிப் பேசலாம்.

இத்தனையும் எழுதி முடித்து மாணவருக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. அவரிடமிருந்து அன்று; அவர் மனைவியிடமிருந்து. மடலைத் தாமும் படித்ததாகவும், ஒரு திருத்தம் உண்டென்றும் எழுதியிருந்தார். "ஐயா, எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த மூன்று இடங்களில் எது வேண்டும் என்று இதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவர் மறைத்து வைத்திருந்தாராம். எனக்கு முழங்காலில் பழைய அடி இருக்கிறது. ஏழு மைல் என்றால் நான் வந்திருப்பேன், ஒன்றும் சொல்லாமல்."

அந்தக் கடைசி இரு சொற்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மைலில் துணைவியார் பேசாமல் நடந்தது நினைவுக்கு வந்தது. நமது நீண்ட பதிலில் பாதை இருந்தது, பனி இருந்தது, பணம் இருந்தது. இருவருள் மற்றவர் என்ன சொல்கிறார் என்ற கேள்வி இல்லை. ஒருவர் தேர்ந்து மற்றவர் நடக்கும் பயணத்தில், நடப்பவர் வாய்திறந்து "திரும்பலாம்" என்று சொல்வது மிகக் கடினம். வரைபடத்தை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். இருவருள் யாருக்கு வலு குறைவோ அவருடைய கால்களுக்கு ஏற்ப தூரத்தை அளக்க வேண்டும். யார் எப்போது "போதும்" என்றாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்று புறப்படுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டிய இந்த அறிவுரையை நாம் கடைசியில், அதுவும் வேறொருவர் சொல்லக் கேட்டு, எழுதுகிறோம்.

அவர்கள் சாலையோர விடுதியை எடுத்திருக்கிறார்களாம். நமது துணைவியாரிடம் மடலைப் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, "அன்றைக்கு என்னிடமும் யாரும் கேட்கவில்லை" என்றார். பின்பு எழுந்து காபி போடப் போனார். இந்த முறை நாமும் உடன் எழுந்து போனோம்.